முல்லைத்தீவு தீவா, இல்லையா? தரம் 8 பிள்ளையின் கேள்வி

செம்மண்வீதி (ஐப்பசி, வியாழன் இரவு 8.15)

எல்லாருக்கும் வணக்கம். புதுக்குடியிருப்பில இருந்து எழுதுறன். தரம் 8 படிக்கிற மகள் நேற்று கொப்பியோட வந்து நிண்டாள். "அம்மா, நாலு பக்கமும் தண்ணி சூழ்ந்த நிலம்தான் தீவு எண்டு எழுதித் தந்தவை. அப்ப முல்லைத்தீவு ஏன் தீவு? நாங்கள் பஸ்ஸிலதானே போறம்?"

எனக்கு வாயடைச்சுப் போச்சு. நாற்பது வருசமா அந்தப் பேரைச் சொல்லுறன், ஒருநாள்கூட இதை யோசிச்சதில்லை. அவள் அதோட விடேல்லை. தீவு எல்லாம் கடலில மிதக்குதா, இல்லாட்டி அடியில ஏதும் தாங்கிக்கொண்டு நிக்குதா எண்டும் கேட்டாள். தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ. சும்மா ஒரு பதிலைச் சொல்லிப் பிள்ளையைச் சமாளிக்க எனக்கு விருப்பமில்லை.

வாடிக்காரன் (இரவு 8.52)

தங்கச்சி, மாரிக்கு வந்து நேரில காட்டுங்கோ. கிழக்கால பெருங்கடல். மேற்கால நந்திக்கடல், பேர்தான் கடல், உண்மையில அது களப்பு. வடக்கால, களப்பு கடலோட சேருற வட்டுவாகல் வாய் உடைஞ்சால் அங்காலும் தண்ணி. தெற்கால சிலாவத்தைப் பக்கம் மட்டும்தான் தரை ஒட்டிக்கொண்டு கிடக்குது. பாலம் வர முந்தி வடக்கால இருந்து நடந்து வந்த சனத்துக்கு அது தீவாத்தான் தெரிஞ்சிருக்கும்.

சோக்குக்கட்டி (இரவு 9.30)

நான் முப்பது வருடத்துக்கு மேல் புவியியல் படிப்பித்து ஓய்வு பெற்றவன். மகளிடம் ஒரு செய்தி சொல்லுங்கள் அம்மா. 'தீவு' என்ற சொல் வடமொழி 'த்வீப'விலிருந்து பாகதம் வழியாக எங்களிடம் வந்தது. 'த்வி' என்றால் இரண்டு. 'அப்' என்றால் நீர். இரண்டு பக்கமும் நீர் உள்ள இடம் என்பதுதான் அந்தச் சொல் பிறந்தபோது இருந்த பொருள். நாலு பக்கம் என்ற வரைவிலக்கணம் பிறகு வந்து சேர்ந்தது. முல்லைத்தீவுக்குப் பெயர் வைத்தவர்கள் வடமொழி இலக்கணம் பார்த்து வைத்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு என்று கிடக்கும் ஒரு மணல்நிலத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது.

தமிழ் தனக்கென்றும் சொற்களை வைத்திருக்கிறது. ஆற்றுக்கு நடுவில் கிடக்கும் நிலம் 'துருத்தி', 'அரங்கம்'. திருவரங்கம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருப்பதால் வந்த பெயர். கடலுக்குள் தலைகாட்டும் மணல் 'திட்டு', எங்கள் பக்கத்தில் 'திட்டி'. தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிப் பக்கமாக வரிசையாகக் கிடப்பவை திட்டிகள். இன்றைக்கு ஓரிடத்தில் தெரியும், ஒரு பெருங்காற்றுக்குப் பிறகு வேறிடத்தில் தெரியும். நகரும் நிலத்துக்கும் நகராத நிலத்துக்கும் தனித்தனிப் பெயர் வைத்தவர்கள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்த சனம்.

இனி உருவான விதம். கடைசிப் பனிக்காலத்தின் உச்சத்தில், ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், கடல் இன்றைய மட்டத்திலிருந்து சுமார் 120 மீற்றர் கீழே இருந்தது. பாக்கு நீரிணைப் பகுதி ஆழம் குறைந்தது, அனேகமான இடங்களில் பதினைந்து மீற்றரும் இல்லை. ஆகவே அது அப்போது தரை. இங்கிருந்து இராமநாதபுரத்துக்கு நடந்தே போயிருக்கலாம். பனி உருகக் கடல் ஏறிக்கொண்டே வந்தது. இலங்கையே அப்படித்தான் தீவானது: பெருநிலத்தின் ஒரு துண்டு, நடுவில் இருந்த தாழ்நிலம் மூழ்கியதால் தனித்துப்போன துண்டு. இதைக் கண்டத்தீவு என்பார்கள்.

கடல் ஏறி இன்றைய மட்டத்துக்குக் கிட்ட வந்தது 6,000, 7,000 ஆண்டுகளுக்கு முன். ஆற்றுப் பள்ளங்களுக்குள் கடல் புகுந்து குடாவானது. பிறகு அலை தன் வேலையைத் தொடங்கியது. குடாவின் வாய்க்குக் குறுக்கே மணலைக் கொண்டுவந்து கொட்டி ஒரு நீண்ட வரம்பு போட்டது. வரம்புக்கு உள்ளே அகப்பட்ட நீர் களப்பு. நந்திக்கடல், நாயாறு, கொக்கிளாய் மூன்றும் இந்த வகைதான். அந்த வரம்பின் மேல்தான் முல்லைத்தீவு பட்டினம் இருக்கிறது.

பாண்டியன்கரை (இரவு 10.05)

ஐயா, கடல் 120 மீற்றர் ஏறினது எண்டு நீங்களே சொல்லுறியள். அப்ப குமரிக்கண்டம் உண்மை எண்டுதானே அர்த்தம்? ஏன் அதைப் பள்ளிக்கூடத்தில சொல்லித் தாறதில்லை?

சோக்குக்கட்டி (இரவு 10.48)

தம்பி, இந்தக் கேள்வியை ஒவ்வொரு வருடமும் ஒரு மாணவன் என்னிடம் கேட்பான். நான் ஒருநாளும் அவனை இருத்தவில்லை, உங்களையும் இருத்தமாட்டேன்.

குமரிக்கண்டத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் லெமூரியா என்ற பெயரை 1864இல் பிலிப் ஸ்கிலேற்றர் என்ற ஆங்கில விலங்கியலாளர் வைத்தார். மடகாஸ்கரில் வாழும், குரங்கை ஒத்த லெமூர்களுக்கு நெருங்கிய வகைகள் இந்தியாவிலும் இருப்பதைப் பார்த்து, நடுவில் ஒரு கண்டம் இருந்து மூழ்கியிருக்க வேண்டும் என்று நினைத்தார். கண்டங்களே நகர்கின்றன என்பது அப்போது அவருக்குத் தெரியாது. தட்டுக்கள் நகர்வது தெரிந்த பிறகு அந்த மூழ்கிய கண்டத்துக்குத் தேவையே இல்லாமல் போனது. இந்து சமுத்திரத்தின் அடித்தளம் எரிமலைப் பாறையாலானது. கண்டப் பாறை வேறு, அது வேறு. ஒரு பெருங்கண்டம் மூழ்கியதற்கான தடம் அங்கே இல்லை.

ஆனால் கடல்கோள் என்ற சொல் வெறுங்கையோடு பிறந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. மன்னார்க் குடாவின் கரையோர மேடையும் பாக்கு நீரிணையும் தரையாக இருந்து மூழ்கியவைதான். அது கண்டமல்ல, கரையோரச் சமவெளி. கடல் தம் ஊரை எடுத்த கதையைச் சொல்லிக்கொண்டே பின்வாங்கிய சனம் அங்கே இருந்திருக்கலாம். இது என் எண்ணம், நிரூபணம் அல்ல. மூழ்கியதற்குச் சான்று இருக்கும் நிலத்தைப் பற்றிப் பேசினாலே எங்களுக்குப் போதியளவு பெருமை இருக்கிறது, தம்பி.

பாண்டியன்கரை (இரவு 11.02)

விளங்குது ஐயா. முழுசா ஏற்க மனம் வரேல்லை, ஆனால் அந்தக் குரங்குக் கதை எனக்குத் தெரியாது. தேடி வாசிக்கிறன்.

கண்டாவளையான் (வெள்ளி அதிகாலை 2.40)

வெளிநாட்டில இருக்கிறன், அதான் இந்த நேரம். நிலவியல் படிச்சனான். தங்கச்சியின் மிதக்கிற கேள்விக்கு வாறன்.

எந்தத் தீவும் மிதக்கிறதில்லை. எல்லாத்துக்கும் அடி இருக்கு, அடி எதால ஆனது எண்டதுதான் வித்தியாசம். இலங்கையின் அடி பழைய உருமாறின பாறை. அதில ஒரு பகுதிக்கு உலக நிலவியல்காரர் வைச்ச பெயரே 'வன்னித் தொகுதி'. 100 கோடி வருசம் பழைய பாறைகளும் அதுக்குள்ள இருக்கு. பூமியின் பழைய பாறைகளின் பட்டியலில எங்கட ஊரின் பெயர் இருக்கு எண்டு முதல் வருசம் படிக்கேக்க கண்டு, அண்டைக்கு இரவு எனக்கு நித்திரை வரேல்லை.

எரிமலைத் தீவு வேற. அதில நான் பிள்ளையளுக்குச் சொல்ல ஆசைப்படுறது சேட்சி. ஐஸ்லாந்துக்குத் தெற்கால, 1963 கார்த்திகை 14 காலமை, ஒரு மீன்பிடிக் கப்பலில இருந்தவை கடலில புகை எழும்புறதைக் கண்டவை. வேற வள்ளம் ஏதோ எரியுது எண்டு நினைச்சுக் கிட்டப் போய்ப் பாத்தால், 130 மீற்றர் ஆழத்தில இருந்து எரிமலை வளர்ந்து வெளியில வந்துகொண்டிருக்கு. 1967 ஆனியில அது அடங்கேக்க 2.7 சதுர கிலோமீற்றர் நிலம் புதுசாப் பிறந்திருந்தது. பிறந்த நாள் தெரிஞ்ச தீவு. உடன அலை அரிக்கத் தொடங்கினது, இப்ப அரைவாசியளவுதான் மிச்சம். சாம்பல் மட்டும் இருந்திருந்தால் எப்பவோ போயிருக்கும். மேல எரிமலைக் குழம்பு ஓடி இறுகி மூடினபடியால்தான் நிக்குது. தொங்காப் பக்கம் 2015இல எழும்பின புது நிலத்துக்கு அந்த மூடி கிடைக்கேல்லை. அது 2022 தை 15 வெடிச்சுப் போட்டுது.

நடுக்கடலில வளையமா நிக்கிற முருகைத் தீவு, அதாவது பவளப்பாறைத் தீவு, எரிமலைத் தீவின் அடுத்த பிறவி. எரிமலை மெல்ல மெல்லத் தாழும். அதைச் சுத்தி வளர்ந்த முருகைக்கல் தாழாமல் இருக்க மேல மேல வளரும், அதுக்கு வெளிச்சம் வேணும். கடைசியில எரிமலை தண்ணிக்குக் கீழ மறைஞ்சு போக, முருகை வளையம் மட்டும் மிச்சம். இதை 1842இல டார்வின் சொன்னவர். 1952இல பசுபிக்கில எனிவெற்றொக் வளையத்தைத் துளைச்சுப் பாத்தவை, 1,200 மீற்றருக்கு மேல முருகைச் சுண்ணக்கல்லைத் தாண்டித்தான் எரிமலைப் பாறை வந்தது. நூற்றிப்பத்து வருசம் கழிச்சு அவர் சொன்னது சரி எண்டு கல்லே சொல்லிச்சுது. மாலைதீவு இந்த வகை. அங்க வெள்ளை மணலில ஒரு பங்கு கிளிமீன் முருகையைக் கடிச்சுத் தின்று கழிச்சது. பிள்ளைக்கு இதைச் சொல்லுங்கோ, கட்டாயம் ஞாபகம் வைச்சிருப்பாள்.

ஒரு தீவுக்குள்ள மிதக்கிற பொருள் ஒண்டு இருக்கு. அதை இரணைதீவு ஆக்கள் எனக்கு மேலாச் சொல்லுவினம்.

இரணைமாதாமகள் (வெள்ளி பின்னேரம் 4.20)

கூப்பிட்டபடியால் வாறன். நல்ல தண்ணியைத்தானே சொல்லுறியள்?

இரணை எண்டால் இரட்டை. இரண்டு தீவு, அதான் இரணைதீவு. 1992இல எங்களை அங்க இருந்து எழுப்பினவை. எனக்கு அப்ப ஒன்பது வயசு. 2018 சித்திரையில எல்லாரும் படகுகளில ஏறித் திரும்பவும் போனம். போய் இறங்கினதும் அம்மா முதல் தேடினது வீட்டை இல்லை, கிணத்தை. முருகைக்கல்லால கட்டின வீட்டுச் சுவர் பாதிதான் நிண்டது. கிணத்துக்குள்ள செடி முளைச்சு, அடியில குப்பை. இரண்டு நாள் இறைச்சு எடுத்தது. மூண்டாம் நாள் அம்மா ஒரு கை அள்ளிக் குடிச்சுப் போட்டு ஒண்டும் பேசேல்லை, சேலைத் தலைப்பால முகத்தைத் துடைச்சா. தண்ணி இருபத்தாறு வருசமும் அங்கதான் இருந்திருக்கு.

எங்கட கிணத்தில வாளியை மெதுவா விடவேணும். சின்னனில அப்பாவிட்ட அதுக்கு அடி வாங்கியிருக்கிறன். ஆழமா அடிச்சுக் கலக்கினால் உவர் ஏறும். ஒரு கிணத்தில காலமை கொஞ்சம், பின்னேரம் கொஞ்சம், அவ்வளவுதான். ஏன் எண்டு ஆரும் விளங்கப்படுத்தேல்லை, எல்லாரும் அப்பிடித்தான் செய்தம்.

கண்டாவளையான் (வெள்ளி இரவு 11.15)

அக்கா, உங்கட அப்பா அடிச்சதுக்குப் பின்னால ஒரு கணக்கு இருக்கு. மழைத் தண்ணியை விடக் கடல் தண்ணி நாற்பதில ஒரு பங்கு பாரம் கூட. மழை மணலுக்குள்ள இறங்கி, அடியில இருக்கிற உவர்த் தண்ணிக்கு மேல மிதக்கும், எண்ணெய் தண்ணியில மிதக்கிற மாதிரி. வில்லை வடிவில நிக்கும், நடுவில தடிப்பு, கரையில மெல்லிசு. கடல் மட்டத்துக்கு மேல நல்ல தண்ணி 10 சென்ரிமீற்றர் நிண்டால், கீழ ஏறத்தாழ 4 மீற்றர் நிக்கும். இப்ப மோட்டர் போட்டு அந்த 10 சென்ரிமீற்றரை இறைச்சு எடுத்தீங்கள் எண்டால், கீழ இருந்து உவர் 4 மீற்றர் எழும்பிக் கிணத்துக்கு வந்திடும். இதைப் படிக்கிற ஆக்கள் அதுக்குப் பெயர் வைச்சு நூறு வருசத்துக்கு மேல ஆகுது. உங்கட ஆக்கள் பெயர் இல்லாமலே அதோட வாழ்ந்திருக்கினம்.

முல்லைத்தீவுக் கரைக்கும் இதுதான் கதை. அங்க இப்ப வீட்டுக்கு வீடு மோட்டர்.

வாடிக்காரன் (சனி காலமை 10.10)

கரைவலை இழுத்துப் போட்டு வந்து எல்லாத்தையும் வாசிச்சன். நான் பாத்ததைச் சொல்லுறன்.

வாடைக்கு, வடகிழக்குக் காத்துக்கு, கடல் கொந்தளிச்சுக் கரையைத் தின்னும். காலமை போனால் கரை மூண்டு அடி உயரத்துக்கு வெட்டின மாதிரி நிக்கும், அந்த வெட்டு முகத்தில கறுப்பு வரி வரியாத் தெரியும். சோளகத்துக்கு, தென்மேற்குக் காத்துக்கு, கடல் இறங்கிப் படுக்கும், எடுத்த மணலைக் கொஞ்சம் கொஞ்சமாத் திருப்பித் தரும். எங்கட அப்பு இதைக் கடன் எண்டு சொல்லுவார். திரும்பி வாற மணலை முதல் பிடிக்கிறது இராவணன் மீசை எண்ட புல்லு. அது முள்ளுப் பந்து போல உருண்டு வந்து விழுந்த இடத்தில வேர் விடும், அதுக்குப் பின்னால குவியல் வரும். பிறகு அடம்பன் கொடி படரும், பிறகு தாழை. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு எண்டு சும்மா சொல்லேல்லை. அந்தக் கொடியை இழுத்துப் பாத்தவனுக்குத் தெரியும்.

இப்ப அந்தக் குவியலைத்தான் லொறியில ஏத்துறாங்கள். ஆர் எண்டு எழுத மாட்டன், கரையில இருக்கிற எல்லாருக்கும் தெரியும். போன வருசம் எங்கட வாடிக்குத் தெற்கால இரண்டு ஆள் உயரத் திட்டி ஒண்டு நிண்டது. மூண்டு இரவில இல்லை. இந்த வாடைக்கு அலை அந்த இடைவெளியால வந்து வள்ளத்தைத் தூக்கிப் பின்னால இருக்கிற பற்றைக்குள்ள போட்டுது. வலை கிழிஞ்சது, அது போகட்டும், தைக்கலாம். திட்டியை ஆர் தைக்கிறது?

வட்டுவாகல் வாயையும் சொல்லவேணும். மாரிக்கு பேராறு இறங்கி நந்திக்கடல் நிறைய, வயலுக்கும் வீட்டுக்கும் தண்ணி ஏறும். அப்ப வாயை வெட்டுறது. ஒரு ஆள் அகலத்துக்கு வெட்டிவிட்டால் போதும், இரவோட இரவா தண்ணி தானே அறுத்துப் பெரிசாக்கும். முந்தி வெட்டினால் இறால் வளர முன்னம் கடலுக்குப் போயிடும், பிந்தி வெட்டினால் நெல்லு அழுகும். கடல்காரனுக்கும் வயல்காரனுக்கும் ஒவ்வொரு மாரியும் இந்தக் கதை இருக்கு. மாரி முடிய அலை திரும்ப மணலைக் கொண்டுவந்து வாயை மூடும். நான் கண்ட காலம் முழுக்க மூடியிருக்கு.

சோக்குக்கட்டி (சனி காலமை 11.40)

அந்தக் கறுப்பு வரியைப் பற்றி. அது இல்மனைட், கூடவே வேறு பாரமான கனியங்களும். புல்மோட்டையில் அகழ்வது இதைத்தான், அதன் தொடர்ச்சி கொக்கிளாய், நாயாறு கடந்து வருகிறது. சாதாரண மணல் குவார்ட்சு, அதன் அடர்த்தி 2.65. இல்மனைட்டுக்கு 4.7 அளவு. அலை இலேசானதை அள்ளிக்கொண்டு போகும்போது பாரமானது பின்தங்கிப் படியும். ஆகவே கரையில் கறுப்பு வரி கண்டால், அங்கே கடல் ஒருமுறை தின்றிருக்கிறது என்று வாசிக்கலாம். ஒரு வெட்டு முகத்தில் பல வரி இருந்தால், கடல் பல தடவை வந்து போயிருக்கிறது. அந்த மணலின் பெரும்பகுதி கண்டாவளையான் சொன்ன அதே பழைய பாறைகள் தேய்ந்து, ஆறு வழியே வந்தது.

எங்கள் ஆட்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்று மன்னார்க் குடாவின் இந்தியப் பக்கத்தில் நடந்தது. தூத்துக்குடிக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையில் 21 தீவுகள் இருந்தன. பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டும் இப்போது தண்ணீருக்குக் கீழே. சுற்றியிருந்த முருகைக்கல்லைச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பல ஆண்டுகளாக அகழ்ந்தார்கள். முருகை போனதும் அலையைத் தடுக்க ஒன்றும் இல்லை, மணல் போனது, தீவு போனது. வங்காள விரிகுடாவில் 1970 புயலுக்குப் பிறகு தலைகாட்டிய தென் தல்பட்டி என்ற திட்டுக்கு இந்தியாவும் வங்காளதேசமும் உரிமை கோரி நின்றன. 2010இல் பார்த்தால் அது இல்லை. ஆனால் அது வந்ததும் போனதும் ஆற்றின் வேலை, கடலின் வேலை. பூவரசன்பட்டியை மனிதன் அகழ்ந்து அனுப்பினான். வாடிக்காரன் சொல்லும் திட்டி இந்த இரண்டாவது கணக்கில் சேர்கிறது, அதுதான் எனக்கு நோகிறது.

ஒட்டுசுட்டான்பக்கம் (சனி மத்தியானம் 1.05)

வாசிச்சுக்கொண்டு மட்டும் இருந்தன். 2004 மார்கழி 26 எங்கட அண்ணை குடும்பம் அந்த மணல்வரம்பிலதான் இருந்தது. கடல் கிழக்கால ஏறி மேற்கால நந்திக்கடலுக்க இறங்கினது. பிறகு 2009இல அதே வரம்பின் வடக்குத் துண்டில, அங்கால கடல், இஞ்சால களப்பு, நாங்கள் நடுவில. அந்த நிலம் எவ்வளவு ஒடுக்கம் எண்டு எங்களுக்குப் புத்தகம் சொல்லித் தரத் தேவையில்லை. இரண்டு பக்கமும் தண்ணி எண்ட அர்த்தத்தை ஐயா எழுதினதை நான் திரும்பத் திரும்ப வாசிச்சன். மண்ணைத் தொடாதேங்கோ எண்டு மட்டும் கேக்கிறன்.

இரணைமாதாமகள் (சனி மத்தியானம் 1.30)

அண்ணை, உங்களோட இருக்கிறம்.

செம்மண்வீதி (ஞாயிறு இரவு 7.50)

எல்லாருக்கும் எப்பிடி நன்றி சொல்லுறது எண்டு தெரியேல்லை. மகளுக்கு முழு இழையையும் வாசிச்சுக் காட்டினன். ஒட்டுசுட்டான் அண்ணை எழுதினதை வாசிக்கேக்க இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசேல்லை.

இண்டைக்குக் காலமை முதல் பஸ்ஸில வட்டுவாகலுக்குப் போனம். வாய் இன்னும் மூடித்தான் கிடக்குது. கடலுக்கும் களப்புக்கும் நடுவில, குவியலுக்குப் பின்பக்கம், அடம்பன் கொடிக்குக் கிட்ட ஒரு பூவல் தோண்டினம். அவள் சிரட்டையால, நான் கையால. முழங்கை ஆழத்தில மண் ஈரம், தோள் ஆழத்தில தண்ணி ஊறிச்சுது. முதல் வந்தது கலங்கல். அதை இறைச்சு ஊத்திப் போட்டுக் காத்திருந்தம். தெளிஞ்ச பிறகு அவள் நக்கிப் பாத்துக் கண்ணை விரிச்சாள். உவர் இல்லை. கடல் அங்க, கல் எறிஞ்சால் விழும் தூரத்தில. "மிதக்குது அம்மா, இது மிதக்குது" எண்டு கத்தினாள். பிறகு நான் சொல்லாமலே குழியைத் திரும்ப மூடிவிட்டாள்.

வெட்டு முகத்தில கறுப்பு வரியும் எண்ணினாள், ஐஞ்சு. இராவணன் மீசை உருண்டை ஒண்டைக் கொப்பிக்குள்ள வைச்சுக் கொண்டு வந்திருக்கிறாள், வீடு முழுக்க மணல். கடைசி அடம்பன் நுனியில இருந்து ஈர மணல் மட்டும் அவளின் காலடியில அளந்தாள். 43 அடி. திகதி போட்டு எழுதி வைச்சிருக்கிறாள்.

சோதினைக்கு என்ன எழுதுறது எண்டு கேட்டாள். நாலு பக்கம் எண்டு எழுது, கீழ உனக்குத் தெரிஞ்சதையும் எழுது எண்டு சொன்னன்.

வாடிக்காரன் (ஞாயிறு இரவு 8.25)

43 எண்டதைக் கவனமா வைச்சிருக்கச் சொல்லுங்கோ. தை கடைசியில திரும்பக் கூட்டிக்கொண்டு வாங்கோ, அப்ப 20கூட வராது. ஆடியில இன்னொருக்கா அளக்கட்டும். மூண்டு எண்ணையும் இஞ்ச போடுங்கோ தங்கச்சி, நானும் வாடிக்குத் தெற்கால, அந்தத் திட்டி நிண்ட இடத்தில அண்டண்டைக்கு அளந்து போடுறன்.